ஒரு சிரிப்பு பாக்கி

எந்தக் கல்யாண ஆல்பத்திலும் என்னைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் ஒருத்தி மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்பாள். அது நான்தான். "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன போட்டோகிராபர்கள் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர், "பொண்ணுக்கு மாப்பிள்ளைய புடிக்கலையாங்க?" என்று என் அப்பாவிடமே போய்க் கேட்டுவிட்டார். மாப்பிள்ளையைப் பிடித்துத்தான் இருந்தது. கேமராவைப் பார்த்து எனக்குச் சிரிக்க வராது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கைப்பையில் சர்க்கரை மாத்திரை, முட்டிக்குத் தைலம், கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தலையில் வைத்துக்கொண்டே தேடுகிற வயது. வீட்டில் சின்ன வயசுக் கதையை ஆரம்பித்தால் பிள்ளைகள் போனைக் கையில் எடுக்கிறார்கள். நீங்கள் கேட்பீர்கள். நமக்கு ஒன்பது பத்து வயதாக இருந்தபோது சினிமா எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த சினிமா ஒரு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. வந்தது நாற்பது வருஷமாக வெளியே போகவில்லை.

எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை, அம்மா டீச்சர். அம்மாவுக்குச் சொந்த ஊர் கிள்ளைப் பக்கம். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அந்தத் தம்பிதான் மாமா. பள்ளிக்கூடம் முடித்த கையோடு மெட்ராசுக்கு பஸ் ஏறியவர், கோடம்பாக்கத்தில் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்தார். அடுத்தவர்கள் படத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த காட்சிகள் அடுத்தவர்கள் பெயரில் வந்தன. அவர் பெயர் வருகிற படம் என்றால் எங்களை அப்பா அழைத்துக்கொண்டு போவார். டைட்டிலில் ஒரு கும்பலாகப் பெயர்கள் வரும். "அதோ, மச்சான் பேரு" என்று அப்பா கையை நீட்டுவார். நீட்டி முடிப்பதற்குள் அடுத்த கும்பல் வந்துவிடும். நான் மாமாவின் பெயரைத் திரையில் முழுசாகப் படித்ததே இல்லை.

ஊருக்கு வரும்போது மாமாவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னக் குழாய் தொங்கும். அதை ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் கேமராவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். என்னிடம் கொடுத்து, "பாரு, உங்கம்மா பாதிதான் தெரியுறாங்க" என்பார். பார்ப்பேன். அடுப்படியில் அம்மாவின் முதுகும் கொண்டையும் மட்டும் தெரியும். அந்தக் குழாயில் அவருடைய வியர்வையும் சிகரெட்டும் கலந்த வாசனை இருக்கும்.

ஒருவழியாக அவருக்கே ஒரு படம் கிடைத்தது. கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர். பிச்சாவரம் பக்கத்தில் ஒரு படகுக்காரக் குடும்பத்தின் கதை, கிள்ளையில்தான் படப்பிடிப்பு என்றார். சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் முழுவதையும் பிடித்து ஆட்களை இறக்கிவிட்டார்கள். பூஜை போட்ட மறுநாளே படத்தில் நடிக்க வந்திருந்த குட்டிப் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மாமா பஸ் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"லீவுதானேக்கா. புள்ளைய என்கூட அனுப்பு. படகுல ஒக்காந்து வரணும், அண்ணன்கூட வெளையாடணும், அவ்ளோதான்."

அம்மா கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைத் தோளில் தட்டிக்கொண்டே, "தண்ணியில எறங்குற மாதிரி ஒண்ணும் கெடையாதே?" என்று கேட்டாள்.

"கெடையாதுக்கா."

"நல்லா சொல்லு."

"கெடையாதுன்றேன்ல. மாமா, நீங்க சொல்லுங்க" என்று அப்பா பக்கம் திரும்பினார் மாமா. அப்பா காப்பியை டவராவில் ஆற்றிக்கொண்டே, "போயிட்டு வரட்டும், மச்சான் இருக்காருல்ல" என்றார். சினிமா ஆசை அப்பாவுக்குத்தான் ஜாஸ்தி.

மாமா பொய் சொன்னார். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. அவர் செய்ததில் அது ஒன்று தப்புதான்.

லாட்ஜில் எனக்கு ஹேர் டிரஸ்ஸர் அக்காவோடு ஒரே அறை. அவர் தலை பின்னிவிட்டுக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார். கேமராவுக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. கிளாப் பலகையை வெறும் வாயோடு அடிக்கக்கூடாது, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு அடிக்க வேண்டும். பிணமாக நடிக்கிறவர்கள் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் எடுப்பார்களாம்.

"சிரிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"சிரிக்கலன்னா செத்தது செத்ததாவே நின்னுடும்டி. தலைய ஆட்டாத."

எனக்குத் தைத்திருந்தது ஒரு கிளிப்பச்சைப் பாவாடை, அரக்குக் கரை. கீழே ஒரு சுற்று மடிப்பைப் பிரித்துவிட்ட தடம் இருந்தது. வளருகிற பிள்ளைகளுக்கு நம் அம்மாக்கள் பிரித்துவிடுவார்களே, அந்தக் கோடு. புதுப் பாவாடையில் ஏன் பழைய கோடு என்று கேட்டதற்கு, "உங்க மாமாதான் இப்டி வேணும்னு நின்னு வாங்குனாரு" என்றார் அந்த அக்கா.

முதல் நாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு கிள்ளை படகுத்துறையில் நின்றேன். வெயில் இன்னும் ஏறவில்லை. கேமராமேன் என் கன்னத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் அளக்கிற மீட்டரைக் காட்டிவிட்டுப் போனார். மாமா கேமராவுக்கு ஒட்டினாற்போல நின்றுகொண்டார்.

"பயப்படாத. பிலிம் போடல. சும்மா மிஷின் ஓடுதான்னு பாக்குறோம்."

பிறகு அவர் என் அப்பா காப்பி குடிப்பதை நடித்துக்காட்டினார். டவராவைத் தூக்கி ஆற்றுவது, ஊதுவது, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடி "ஹா" என்பது. அசல் அப்பாவேதான். நான் சிரித்தேன். மேலே ஓரப்பல் ஒன்று எனக்கு ஆடிக்கொண்டிருந்ததால் கையால் வாயை மூடிக்கொண்டேன். "கைய எடு, பல்லு தெரியட்டும்" என்றார் மாமா. எடுத்துவிட்டு இன்னும் சிரித்தேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா நடிப்பதை நிறுத்திவிட்டார், நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்வெயில் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் லாட்ஜில் முறுக்கு கடிக்கும்போது அந்தப் பல் விழுந்துவிட்டது. சாமி பூதம் எதையும் நம்பாதவர் என்று பெயர் வாங்கியிருந்த மாமா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் சாணி தேடினார். சாணிக்குள் பல்லை வைத்து லாட்ஜ் கூரைமேல் என் கையால் எறியச் சொன்னார். மேனேஜர் கீழேயிருந்து கத்தினார். "புள்ளைக்குப் பல்லு மொளைக்கணும் சார், சும்மா இருங்க" என்று மாமா பதிலுக்குக் கத்தினார். அவர் அப்படித்தான். எதையும் நம்ப மாட்டார், எதையும் விடவும் மாட்டார்.

அந்த நாட்களின் வாசனை இப்போதும் வரும். உப்பும் சேறும் கலந்த உப்பங்கழி வாசனை, சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் சட்டென்று குறைகிற வெயில், ஜெனரேட்டர் புகை, பொட்டலம் பிரித்த எலுமிச்சை சாதம். எனக்கு ஒன்றுதான் புரியவே இல்லை. கதையின் கடைசியை முதலில் எடுத்தார்கள். என் அண்ணனாக நடித்த பையன் காலையில் அழுதுவிட்டு மத்தியானம் அதற்கு முன்னால் நடந்த சண்டையைப் போட்டான். ஒருநாள் சாப்பிடும்போது மாமாவிடமே கேட்டேன்.

"எடுக்குறது ஒரு வரிசை, காட்டுறது ஒரு வரிசை" என்றார். "எத எப்ப எடுத்தோம்னு ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. எதுக்குப் பின்னாடி எது வருதோ அதான் அவுங்களுக்கு நடந்தது. புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். அவர் இலையிலிருந்த அப்பளத்தின் மேல்தான் எனக்குக் கண்.

கடைசி நாள் என்னைச் சேற்றங்கரையில் படுக்க வைத்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் ஊற்றி நனைத்தார்கள். ஹேர் டிரஸ்ஸர் அக்கா உதட்டில் நீலமாக என்னவோ தடவினார். "தண்ணியில எறங்கல பாரு, கரையிலதான் படுக்கற" என்று மாமா என்னிடம் சொன்னார், என்னிடம் சொல்வதுபோல வேறு யாரிடமோ சொன்னார். படத்தில் அந்தக் குட்டிப் பெண் படகிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் பயமில்லை. செத்துப்போவது பெரிய நடிப்பு என்று பெருமையாகக்கூட இருந்தது.

அழுவதற்கு அங்கே பக்கத்துக் குப்பத்துப் பெண்களையே கூப்பிட்டிருந்தார்கள். "ஸ்டார்ட்" என்றதும் என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது, ஒருத்தி என் காதருகில் சிரிப்பை அடக்குவதுகூடக் கேட்டது. அப்புறம் ஒரு வயதான குரல் மட்டும் தனியாக ஏறியது. "சின்னப்பொண்ணே, அதே பச்சப் பாவாடையோட அதே எடத்துல கெடக்கியேடி, ஒங்கக்காகாரி வந்து கேட்டா நான் இன்னா சொல்லுவேன்" என்று அந்த அம்மாள் பாடி அழுதார். சுற்றிலும் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். அது நடிப்பில்லை என்று கண்ணை மூடியிருந்த எனக்கே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்க்கத் தோன்றியது, ஆனால் பிணம் அசையக்கூடாதே. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் என் அம்மாவின் குரல் கேட்டது.

கடைசி நாளாயிற்றே, தன் தம்பிக்குப் பிடிக்குமே என்று அம்மா நண்டுக் குழம்பு வைத்து, பித்தளைக் கேரியரில் எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். துறையில் இறங்கி நடந்து வந்தவள் கண்ணில் பட்டது, ஒப்பாரிக்கு நடுவில் நான்.

"எழுந்திரு. எழுந்திருடி" என்று என் தோளைப் பிடித்துத் தூக்கினாள். நான் கண்ணைத் திறந்ததும் அவள் பாவாடையின் கீழ்க்கரையைப் பிடித்து அந்த மடிப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"இத எங்கேர்ந்துடா எடுத்த?"

"தைக்கச் சொன்னேன்க்கா. ஞாபகத்துல இருந்தத வச்சி."

"ஞாபகத்துல இருந்துதா. அதுக்கு எம்புள்ளைய போட்டு சாவடிப்பியா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்திருந்தேன். அப்போது ஹேர் டிரஸ்ஸர் அக்கா நல்லது என்று நினைத்து அம்மாவின் காதருகில் வந்து அந்த வழக்கத்தைச் சொன்னார். புள்ளை சிரிக்கவில்லை, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தால்தான் தோஷம் போகும், இப்படியே கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றார். அதுவரை கோபமாக இருந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்தப் பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"டேய், சிரிப்ப எடு. முதல்ல அத எடு" என்றாள்.

"அது எடுத்தாச்சுக்கா" என்றார் மாமா.

"எப்ப எடுத்த?"

"எடுத்தாச்சு. என்ன நம்பு."

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேமராவப் பாத்து சிரிச்சியாடி நீ?"

"இல்லம்மா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அப்ப இப்ப எடு. சிரிடி, அந்த கேமரா மாமாவப் பாத்து சிரி" என்று அம்மா என்னை உலுக்கினாள். எனக்கு அழுகைதான் வந்தது. கேமராமேன் மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டிவிட்டார். "அழுவுற புள்ளைய சிரிக்க வச்சி நான் எடுக்க மாட்டேன்க்கா" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "பேக்கப்" என்றார்.

பஸ்ஸில் அம்மாவின் முந்தானைக்குள் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தேன். கடலூர் வரும் வரையில் அம்மா வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்தேன். குடிகாடு பக்கம் வந்ததும் ரசாயனக் கம்பெனிகளின் நாற்றம் ஜன்னல் வழியாக அடித்தது, எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா பொத்தவில்லை. "எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள். "ஒன்ன மாதிரிதான் இருப்பா. பாத்துக்கோன்னு எங்கிட்ட விட்டுட்டு எங்கம்மா சந்தைக்குப் போச்சு. நான் பசங்களோட ஒக்காந்து அஞ்சாங்கல் ஆடிக்கிட்டிருந்தேன். படகு சும்மா கட்டிதான் இருந்துது." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. மாமாவின் குழாய்க்குள் தெரிந்ததுபோல, அம்மாவின் முதுகு மட்டும்.

கேரியர் கரையிலேயே நின்றுவிட்டது. எனக்கு மாமா விளையாடக் கொடுத்திருந்த அந்தக் குழாயை, மறுநாள் காலையில் அம்மா கிணற்றில் போட்டாள். டுப் என்று ஒரு சத்தம்.

இனிமேல் சொல்லப்போவதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் அம்மா என்னை பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவாள். கேமரா இல்லை, கண்ணாடியாவது இருக்கிறதே. "சிரி" என்பாள். சிரிப்பேன். "பல்லு தெரிய சிரி." விழுந்த பல்லின் சந்து தெரியச் சிரிப்பேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் நிற்கும் அம்மா என் முகத்தையே பார்க்கமாட்டாள், எனக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தைப் பார்ப்பாள். சளி பிடித்தால் இரண்டு தடவை சிரிக்க வேண்டும். ஒருமுறை டைபாய்டு வந்து கண் திறக்க முடியாமல் கிடந்தபோது கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "கொஞ்சம் சிரிச்சிடு கண்ணு, அம்மாவுக்காக" என்று கெஞ்சினாள். அப்பா அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் பிழைத்தேன். மாத்திரையால் பிழைத்தேன் என்று டாக்டர் சொன்னார், அம்மா அந்தக் கைக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தாள்.

அந்தப் படம் வெளியானது. சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் போட்டார்கள். அம்மா வீட்டில் அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. அப்பா மட்டும் கோர்ட் வேலை என்று சொல்லிவிட்டு ஒருநாள் திருட்டுத்தனமாகப் போனார். போன அன்றைக்குப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு பெரிய நடிகர் படத்தை மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார், பாவம். ஆக எங்கள் வீட்டில் யாரும் மாமாவின் படத்தைப் பார்க்கவில்லை. பாராமலே அதன் கதை எங்களுக்குத் தெரியும் என்று இருந்தோம். அக்காவின் அஜாக்கிரதையால் தங்கச்சி செத்த கதை, அதை ஊருக்குப் படம் போட்டுக் காட்டிய தம்பி. சொந்தக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். பார்த்தவர்கள் ஒருத்தரும் அதில் இல்லை என்பது இப்போது தோன்றுகிறது.

மாமா அதற்குப் பிறகு சில படங்கள் எடுத்தார். ஒன்று சுமாராக ஓடியது, மற்றவை ஓடவில்லை. அப்புறம் பிறர் படங்களுக்கு எழுதினார், கடைசியில் டிவி தொடர்களுக்கு. அவர் கதைகளில் யாரும் சாகமாட்டார்கள் என்று கோடம்பாக்கத்தில் ஒரு கேலி உண்டாம். தொடரில் நடிக்கிறவர் பாதியில் விலகினால்கூட அந்தப் பாத்திரத்தை வெளிநாட்டுக்குத்தான் அனுப்புவாராம், சாகடிக்க ஒப்புக்கொள்ளமாட்டாராம். தயாரிப்பாளர்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், முதல் பந்தியில் உட்கார்ந்தார். பந்தி விசாரித்துக்கொண்டே வந்த அம்மா அவருடைய இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள். மாமா இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, மேடையில் நின்ற என்னைத் தூரத்திலிருந்து பார்த்தார். போட்டோகிராபர் "சிரிங்கம்மா" என்று என்னிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். மாமா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பிப்போனார்.

அவர் இறந்தபோது அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் போனேன். சாலிகிராமத்தில் மாடியில் ஒரு அறை. சமையல் மேடையில் எங்கள் வீட்டுப் பித்தளைக் கேரியர், புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வர எனக்குத் தைரியம் வரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

இப்போது போன மாசத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு எண்பதாகிறது. செம்மண்டலம் வீட்டில் என்னோடுதான் இருக்கிறாள். அப்பா போனது சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் "கோர்ட்லேர்ந்து இன்னும் வரல" என்பாள். ஒரு மத்தியானம் என் மகள் போனை நீட்டி, "அம்மா, இது உங்க மாமா படமான்னு பாருங்க" என்றாள். இணையத்தில் யாரோ ஏற்றியிருந்தார்கள். எப்போதோ டிவியில் போட்டதிலிருந்து பதிந்ததுபோல இருக்கிறது. நிறம் போய், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் அறுந்து, எல்லாரும் மஞ்சள் காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். டைட்டிலை நிறுத்தி வைத்து மாமாவின் பெயரை முழுசாகப் படித்தேன். கதை, வசனம், இயக்கம்.

அம்மாவுக்குத் தெரியாமல் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படகுச் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கிள்ளை" என்றாள். ஊரைச் சரியாகச் சொன்னாள்.

படத்தில் ஒரு அண்ணனும் தங்கையும். பாத்துக்கோ என்று அம்மாக்காரி மகனிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போகிறாள். அவன் பையன்களோடு கோலி ஆடப் போய்விடுகிறான். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க?" என்று கேட்டாள்.

"இதுல அக்கா இல்லம்மா. அண்ணன்தான்."

"எந்தம்பி அன்னிக்கி பள்ளிக்கூடத்துக்குல்ல போயிருந்தான்" என்றாள்.

அக்காவைக் காட்டிக்கொடுத்த படம் என்று நாற்பது வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டிருந்த படத்தில் அக்காவே இல்லை. பழி முழுவதையும் மனுஷன் தன் தலையில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காட்சி வந்தது. சேற்றங்கரை, பச்சைப் பாவாடை, பெண்கள். நிறுத்திவிடலாம் என்று நான் கையைக் கொண்டுபோனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செத்துக் கிடந்தேன். அந்த வயதான அம்மாளின் ஒப்பாரிதான் ஒலித்தது. அது முடிந்ததும் திரை கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு படகுத்துறை வந்தது. காலை வெளிச்சம். காய்ந்த தலை, அதே பாவாடை. நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வாயை மூடியிருந்த கையை எடுத்துவிட்டு இன்னும் சிரிக்கிறேன். சத்தமே இல்லை. மேலே ஓரப்பல் இருக்கிறது, சந்து இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் மாமா நடிக்கிற அப்பா காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு மட்டும் தெரிகிறது. அந்தச் சிரிப்பின்மேல்தான் படம் முடிகிறது.

பிலிம் போடல என்று சொன்னாரே. பிணமாகக் கிடந்து எழுகிற பிள்ளைக்குச் சிரிப்பு வராது என்று தெரிந்து, முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குக் கரையில் அதை அம்மாவிடம் விளக்கியிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருக்கமாட்டாள். சாவதற்கு முன்னால் சிரித்தது எந்தக் கணக்கில் சேரும்? அவளுடைய தங்கையும் சாவதற்கு முன்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அதைப் பின்னால் கொண்டுவந்து வைக்க மாமாவால் மட்டும்தான் முடிந்தது.

அம்மா போன் திரையைத் தொட்டாள். தொட்டதும் படம் கொஞ்சம் பின்னால் போய், நான் மறுபடி சேற்றில் கிடந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. இருட்டு வந்தது, சிரிப்பு வந்தது.

"எடுத்தாச்சுன்னு சொன்னானே" என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறவள்.

"எடுத்தாச்சு, நம்புன்னான்." என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை, பால் காய்ச்சியாயிற்றா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். "நீதான இல்லன்னு சொன்ன?"

"ஆமாம்மா. பிலிம் இல்லன்னு மாமா சொன்னாரு. எனக்குத் தெரியாது."

அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. திரை அணைந்து, அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. நான் போனை எடுத்து வைக்கப் போனேன்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள். நான் அந்தச் சிரிப்பு வருகிற இடத்தைத் தேடினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அங்கேர்ந்து இல்லடி. செத்ததுலேர்ந்து போடு."